மலையைத் தொட்ட சூரியன்

"இன்றைக்கு எவர் வந்தாலும் நான் வீட்டில் இல்லை" என்று தனலெட்சுமி அம்மாள் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார். வெந்நீர்ப் போத்தலை வலது முழங்காலின்மேல் வைத்துத் துணியால் சுற்றிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் கண்களை மூடியிருந்தார். பதுளைச் சிறைச்சாலையின் பெண்கள் பகுதியில் நெடுங்காலம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு என்பது அரசாங்கம் கொடுத்த பெயர். ஊரார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. காணாமற்போன காளையிலிருந்து கள்ளக் கையெழுத்துவரை எல்லாம் அவருடைய வாசலுக்கே வந்து சேர்ந்தன. பொய் சொல்பவர் எப்படி உட்காருவார் என்பதை அவரளவுக்கு அறிந்தவர் ஊவா மாகாணத்தில் இல்லை என்று இன்ஸ்பெக்டரே சொல்லித் திரிந்தது அவருக்கு நேர்ந்த பெருந்தொல்லை.

வாசலில் மொஹிதீன் தலையை நீட்டினான். வாடகை மோட்டார் ஓட்டுபவன். அம்மாளின் துப்புத் துலக்கும் வேலைகளுக்கு அவனே சாரதி, அவனே எடுபிடி. அவனுடைய வாயை அடைப்பதற்கு மட்டும் இதுவரை எவரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

"மேட்ரன் அம்மா, நீங்க வீட்டில இல்லை எண்டு சொல்லிட்டேன்."

"நல்லது."

"அப்ப உள்ளே இருமினது யாரெண்டு அந்தப் பொம்புள கேக்கிறா. அவவுக்கு உங்களை விட மூளை. கூட்டிட்டு வாறன்."

வந்தவள் வடிவம்மா. அழுகையை வழியிலேயே முடித்துக்கொண்டு வந்தவளாகத் தெரிந்தாள். கையில் ஒரு காகிதச் சுருள் இருந்தது.

"அம்மா, எம் புருசன் வீரசிங்கம். படம் எழுதுறவரு. ஞாயித்துக்கிழமையிலருந்து பொலிஸ் கொட்டடியில கெடக்குறாரு. நாளைக்குக் கோட்டுல நிறுத்தப் போறாங்களாம்."

வீரசிங்கத்தை அறியாதவர் பதுளையில் எவர்? வர்த்தகர்கள் கூடி அமைத்த சங்கீத சபை, பதுளைக்கு ரயில் வந்த மறுவருடமான இவ்வாண்டு, மைதானத்தில் மூன்று திறந்தவெளிக் கச்சேரிகளை ஏற்பாடு செய்திருந்தது. தோட்டத்து மக்களும் வர வேண்டும் என்பது நோக்கம். எழுத்தறியாதவர்க்கும் விளங்கும்படி மூன்றுக்கும் ஒரே முத்திரையோடு படச் சுவரொட்டிகளை எழுதிக் கல்லச்சில் ஏற்றியவன் வீரசிங்கம். நாகசுரத்தின் வாயிலிருந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேயிலைக் கொழுந்து விரியும், அதுதான் முத்திரை. அதைக் கண்டவுடன் "சபைக் கச்சேரி" என்று கைக்குழந்தையைத் தவிர எல்லோரும் சொன்னார்கள். முதற் கச்சேரிக்குக் குத்துவிளக்கை எழுதினான். விளக்கேற்றும் நேரத்தில் ஜனங்கள் வந்தார்கள். இரண்டாவதற்கு முழுநிலா, நிலா எழும்போது வந்தார்கள். மூன்றாவது சென்ற ஞாயிறு, விடியற்காலையில். அதற்கு நமுனுகுலை மலையும் அதன் முகட்டைத் தொடும் சூரியனும்.

பதுளை நகரத்தார் விடியலில் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். பசறைக்கு அப்பாலிருக்கும் மயில்மலைத் தோட்டத்தாரோ தங்கள் வரிசை வீடுகளான லயங்களைப் பூட்டிக்கொண்டு பிற்பகலில் புறப்பட்டு, பொழுது சாய்கையில் வெறும் மைதானத்தில் வந்து நின்றார்கள். ஏன் அந்நேரத்தில் வந்தார்கள் என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. இருட்டில் திரும்பிப் போய்ப் பார்த்தால், திருவிழாவுக்காக மாரியம்மனுக்கு அணிவித்திருந்த நகைகள் முழுவதும் களவு போயிருந்தன. ஆட்களை லயத்திலிருந்து கிளப்பவே சுவரொட்டி ஒட்டப்பட்டது என்று தலைக்கங்காணி முறையிட்டார்.

"அதற்காக உன் புருஷனைப் பிடித்தார்களா?" என்று கேட்டார் அம்மாள்.

"பிடிக்கலீங்க. தானே போனாரு. 'எப்படின்னு எனக்குத் தெரியல, ஆனா எம் படத்தப் பாத்துத்தான் வந்தாங்க, நாந்தான் காரணம்'னு சொல்லிட்டாரு. இன்ஸ்பெக்டர் ஐயா எழுதிக்கிட்டாரு. நான் போனா மொகத்தத் திருப்பிக்கிறாரு. சோறு கொண்டுபோனா தின்னமாட்டேங்கிறாரு."

"திருடாதவனைப் பிடிக்கிறது கஷ்டம்" என்றான் மொஹிதீன். "தானா வந்து உக்காந்தா பொலிசுக்கு எவ்வளவு வசதி!"

அம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வடிவம்மாவின் கையிலிருந்த சுருளை வாங்கி விரித்தார். சுவரொட்டிக்கு முதலில் எழுதிய மாதிரிப்படம் அது. முத்திரை இருந்தது; நாகசுரக்காரர் இருந்தார். மலை இல்லை. அதனிடத்தில் கழுத்தை நீட்டிக் கூவும் ஒரு சேவல் நின்றது. ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிந்தது.

"பக்கத்து வீட்டுச் சேவலுங்க. நாந்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன். கையெல்லாம் கொத்திருச்சு."

"அச்சான படத்தில் இது இல்லையே?"

"சபைக் காரியதரிசி ஐயா வேணாம்னுட்டாரு. சேவலப் போட்டா சேவச் சண்டைன்னு நெனைப்பாங்களாம். மலையப் போடு, சூரியனப் போடுன்னாரு. கீழ எழுதுற வரியவும் அவரே சொன்னாரு."

அந்த வரி அம்மாளுக்கு நினைவிருந்தது: 'சூரியன் நமுனுகுலையைத் தொடும் வேளை.'

"மணி எழுதவில்லையா?"

"லயத்துல கடியாரம் ஏது, மணி எழுதினா யாருக்குப் புரியும்னாரு."

"எவ்வளவு இரக்கமுள்ள மனுசன்" என்றான் மொஹிதீன். "சேவலுக்கும் ஓய்வு, கடியாரத்துக்கும் ஓய்வு. உங்களுக்குத்தான் இல்லை, மேட்ரன் அம்மா. காரை எடுக்கட்டா?"

வெந்நீர் ஆறிவிட்டிருந்தது. அம்மாள் பெருமூச்சோடு எழுந்தார்.

சபையின் காரியதரிசி சிவஞானம் பிள்ளையின் புடவைக்கடை கடைவீதி நடுவில் இருந்தது. அவர் இல்லை. கணக்குப்பிள்ளை மட்டும் கல்லாவுக்குப் பின்னால் இருந்தார்.

"பசறைக்குப் போயிருக்காரும்மா. அங்க அவருக்கு ஒரு சில்லறைக் கடை இருக்கு. ஞாயித்துக்கிழம கச்சேரி முடிஞ்சதும் காய்ச்சல்னு வீட்டுல படுத்தவரு, இன்னிக்குத்தான் எழுந்திரிச்சாரு. எழுந்ததும் அங்கதான் ஓடினாரு. ஒரு நிமிசம் சும்மா இருக்கமாட்டாரு."

பசறைப் பாதையின் பாலத்தில் ஒரு கான்ஸ்டபிள் ஞாயிறு இரவிலிருந்து காவல் நின்றான். பதுளைக்குத் திரும்பும் வண்டிகளையும் மூட்டைகளையும் அவிழ்த்துப் பார்ப்பது அவன் வேலை.

"ஏதாவது கிடைச்சுதா தம்பி?" என்று கேட்டான் மொஹிதீன்.

"ரெண்டு வண்டி முட்டைக்கோவா, ஒரு மாமியார்."

"மாமியாரை விட்டுட்டியா? அதான் களவே பிடிபடல்ல."

பாதை மலையின் வடக்குத் தோளைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அம்மாளின் முழங்கால் தனியாகப் புலம்பிற்று. காரியதரிசியிடம் பேசுவதற்கு முன்பு, ஏமாந்தவர்களிடம் பேச வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். பசறையைத் தாண்டி மயில்மலை லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பறித்த கொழுந்தை எடைபோட்டு முடித்திருந்தார்கள். வெற்றுக் கூடையை முதுகில் மாட்டியபடி வந்த பூவம்மா என்பவளை மொஹிதீன் நிறுத்தினான்.

லயத்துச் சுவரில் வீரசிங்கத்தின் சுவரொட்டி இன்னும் ஒட்டியிருந்தது. அதன்மேல் எவரோ சாணியை வாரி அடித்திருந்தார்கள்.

"கச்சேரி விடியக்காலையில நடந்தது, அம்மா" என்றார் தனலெட்சுமி அம்மாள். "நீங்க ஏன் பொழுது சாயப் போனீங்க?"

"விடியக்காலையா? யாருங்க சொன்னா? படத்துலதான் போட்டிருக்கே."

"படத்துல சூரியன் மலையைத் தொடுது."

"அதத்தானே நானும் சொல்றேன். சூரியன் நம்ம மலையத் தொடுறது எப்பங்க? நீங்களே பாருங்க."

பூவம்மா கையை நீட்டினாள். அம்மாள் திரும்பினார். நமுனுகுலை மேற்கே நின்றது. பிற்பகற் சூரியன் அதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

பதுளையில் அவர் கழித்த ஆண்டுகள் முழுவதும் காலைச் சூரியன் அந்த மலையின் தோளிலிருந்துதான் புறப்பட்டு வந்தது. மலைக்கு மறுபக்கத்திலும் மனிதர்கள் எழுந்து, உழைத்து, உறங்குகிறார்கள் என்பதும், அவர்களுக்கு அதே சூரியன் அதே மலையில்தான் போய் அடைகிறது என்பதும் அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. படம் இங்கே பொய் சொல்லவில்லை. அங்கேயும் பொய் சொல்லவில்லை.

மொஹிதீன் மெல்லச் சீட்டியடித்தான். "ஒரே சூரியன், ஒரே மலை. பதுளைக்கு எழும்புது, பசறைக்குப் படுக்கப் போகுது. சித்திரக்காரன் மலைக்கு இந்தப் பக்கம் வந்ததே இல்லைப் போல. தவறிப் போச்சு. ஆள் இல்லாத நேரம் பாத்து எவனோ கையை வச்சுட்டான். வழக்கு முடிஞ்சுது, வாங்க தேத்தண்ணி குடிப்போம்."

முடிந்துவிட்டது என்று சொல்லிவிட அம்மாளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. களைப்பு கண்ணிமைகளில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் தவறு என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் வீரசிங்கத்தை விடமாட்டார், திருடனைக் கேட்பார். தவிர, சேவல் தவறிப் போகவில்லை. அதை ஒருவர் எடுக்கச் சொன்னார்.

"நகை நிறையவா, பூவம்மா?"

"நெறைய இல்லீங்க. ஆனா கடையில வாங்கினதில்ல. ஒவ்வொரு வீட்டுத் தோடும் மூக்குத்தியும் உருக்கிச் சேத்தது. எங்காத்தா சாகையில அவ மூக்குத்தியவும் அதுலதான் போட்டோம். பூசாரி உட்பட எல்லாரும் போயிட்டோம். பூட்ட நம்பினோம்."

அம்மாள் கோயில் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"இருட்டில் எப்படித் திரும்பினீர்கள்?"

"சூள் புடிச்சுக்கிட்டுத்தான்." காய்ந்த தென்னோலையை இறுகக் கட்டிக் கொளுத்தும் பந்தத்தை அவ்வட்டாரத்தில் சூள் என்பார்கள். "போகையிலேயே வாங்கிட்டோம். பசறை முக்குக் கடையில மலையாட்டம் அடுக்கி வச்சிருந்தாரு. எப்பவும் அந்தக் கடையில சூளே கெடைக்காது."

"யார் அடுக்கி வைத்தது? கடைக்காரரா?"

"இல்லீங்க, அவருக்கு அன்னிக்கு லீவாம். வேற ஒரு ஐயா. நாங்க கண்டதில்ல. கழுத்துல சந்தனம் காஞ்சு கெடந்துச்சு, கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தவராட்டம். 'கச்சேரிக்கா? போயிட்டு வாங்க, வரையில இருட்டிரும், ஆளுக்கொரு சூள் எடுத்துக்கங்க'ன்னு அக்கறையாப் பேசினாரு. திரும்பி வரையில பாருங்க, அதே ஐயா மூஞ்சிய இப்படி வச்சிருந்தாரு. எஞ் சூள் பாதியில அணைஞ்சிருச்சு. கடைக்குள்ள ஒரு கட்டுத் தொங்குது. கேட்டா, வித்தாச்சுங்கிறாரு. தொங்குதேங்கய்யான்னேன். 'அது விக்கிறதுக்கில்ல'ன்னு கதவச் சாத்திட்டாரு. கைப்புள்ளயோட தட்டுத் தடுமாறி வந்து சேந்தோம்."

தனலெட்சுமி அம்மாள் மோட்டார்க் கதவைத் திறந்தார். பிறகு, "பூவம்மா, மோட்டாரில் ஏறு" என்றார். "மொஹிதீன், அந்தப் பாலத்துக் கான்ஸ்டபிளையும் கூட்டிவர வேண்டும்."

"மாமியாருக்கு மன்னிப்புக் கேக்கவா?"

"சூள் வாங்க."

பசறை முக்குக் கடையில் சிவஞானம் பிள்ளை தனியாக இருந்தார். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை, நெற்றியில் குறையாத திருநீறு. கான்ஸ்டபிளையும் பூவம்மாவையும் வெளியே நிறுத்திவிட்டு அம்மாள் உள்ளே போனார். பிள்ளை முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கம்மா, வாங்க. இவ்வளவு தூரம் எதுக்கு? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"காய்ச்சல்காரரை அலைக்கழிக்கக் கூடாது, ஐயா."

"இப்பப் பரவாயில்ல. ஞாயித்துக்கிழம மத்தியானம் படுத்தது, ரெண்டு நாள் போர்வைய விட்டு வெளிய வரல."

"அந்தச் சேவலை ஏன் எடுக்கச் சொன்னீங்க?"

பிள்ளை சிரித்தார். "சங்கீத சபைக்குச் சேவல் அழகாம்மா? ஏன், சூரியன் போதாதா?"

"பதுளைக்குப் போதும். இங்கே அது அந்திச் சூரியன்."

"அடடே!" பிள்ளை எழுந்து வாசல்வரை போய் மலையைப் பார்த்தார், திரும்பிவந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆமாம்மா! பொறந்து வளந்ததெல்லாம் பதுளை. இது எனக்குத் தோணவே இல்லையே! பாவம், அந்த வீரசிங்கத்துக்கும் தோணல. தெரியாம நடந்துபோச்சு. கோட்டுல நானே வந்து சொல்றேன்."

நன்றாகத்தான் சொன்னார். ஆனால் முக்காலியின் நுனியில், எழுந்து ஓடக் கால் வைத்தவரைப் போல் உட்கார்ந்திருந்தார். சிறையில் அந்த உட்காருதலை அம்மாள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

"எனக்கு ஒரு சூள் வேணும்" என்றார்.

"சூளா? அது நம்மகிட்ட இல்லீங்களே."

"ஞாயிற்றுக்கிழமை இருந்ததாமே?"

"கடை ஆள் வாங்கிப் போட்டிருப்பான்."

"அவருக்கு அன்றைக்கு நீங்க விடுமுறை குடுத்தீங்க. விடியற்காலைக் கச்சேரிக்குப் போய்ப் பகலில் திரும்புகிறவனுக்குச் சூள் எதற்கு, ஐயா? பொழுது சாய்ந்து போகிறவனுக்குத்தான் அது வேணும். இந்த ஜனங்கள் இருட்டில் திரும்புவார்கள் என்பது சூளை அடுக்கியவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது."

"நான் அன்னிக்குப் பதுளையில படுக்கையில..."

அம்மாள் வாசற்பக்கம் திரும்பினார். "பூவம்மா, உள்ளே வா. இவர்தானா?"

பூவம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இவருதாங்க. அன்னிக்குக் கழுத்துல சந்தனம். இன்னிக்கு வேர்வை."

பிள்ளை சால்வையால் கழுத்தைத் துடைத்தார்.

"காலையிலே மேடையில் மாலை வாங்கினீங்க" என்றார் அம்மாள். அவருடைய குரல் உயரவில்லை. உயர்த்துவதற்கு அவருக்குத் தெம்பும் இல்லை. "அந்தச் சந்தனம் காய்வதற்குள் இங்கே வந்து உட்கார்ந்தீங்க. முடிந்துபோன கச்சேரிக்குக் கைக்குழந்தைகளோடு இவர்கள் நடந்துபோவதைப் பார்த்தீங்க. 'அது முடிஞ்சுபோச்சு, திரும்பிப் போங்க' என்று சபையின் காரியதரிசி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்விட்டு வாங்க என்றீங்க."

"அதோட நிக்கலியே" என்றான் மொஹிதீன். "சனத்தைக் கண்டதும் கை சும்மா இருக்கல்ல. களவுக்கு வந்த இடத்திலயும் யாவாரம்! நீங்க கடையைச் சாத்திட்டு இருந்திருந்தா, வீரசிங்கம் உள்ளே போயிருப்பான், நாங்க வீட்டுக்குப் போயிருப்போம்."

அவன் அண்ணாந்து பார்த்தான். கூரை வளையில், சாக்குகளுக்குப் பின்னால், ஒரே ஒரு சூள்கட்டுத் தொங்கியது.

"கடைசிக் கட்டு. இருட்டில பிள்ளையோட நிண்டு கேட்டவளுக்கும் குடுக்காத கட்டு. கான்ஸ்டபிள் தம்பி, உன் கத்தி வெட்டுமா, இல்ல அதுவும் அலங்காரத்துக்கு மட்டுந்தானா?"

கட்டை அறுத்ததும் ஓலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிவப்புத் துணி முடிச்சு விழுந்தது. பூவம்மா அதைக் கையால் தொடவில்லை. தரையில் உட்கார்ந்து முன்றானையை விரித்து அதற்குள் எடுத்து வைக்கச் சொன்னாள்.

"பாலத்துல காவல் போடாம இருந்திருந்தா..." என்றார் பிள்ளை, எவரையும் பாராமல். பிறகு, "மூணு கச்சேரி, அம்மா. கைதட்டல் வித்துவானுக்கு. நஷ்டம் எனக்கு" என்றார்.

அம்மாள் கான்ஸ்டபிளிடம் திரும்பினார். "வண்டியில் அவருக்கு முன்னிருக்கை வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

பதுளைப் பொலிஸ் நிலையத்தில் விளக்கேற்றும் நேரத்துக்குக் கொட்டடிக் கதவு திறந்தது. வீரசிங்கம் வெளியே வந்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நகக்கண்களில் இன்னும் கல்லச்சு மை இருந்தது. வடிவம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்வானோ என்று பார்த்தாள். அவன் திருப்பவில்லை.

நடந்ததை அம்மாள் சுருக்கமாகச் சொன்னார். அவன் முடியும்வரை கேட்டான்.

"அப்போ எம் படத்துல தப்பில்லைங்களா, அம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மாள் அப்படிச் சொல்லிப் பழகியவரல்லர்.

"தப்பு இருந்தது, வீரசிங்கம். மலையை ஒரு பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறாய். நானும் அப்படித்தான். ஆனால் களவு உன்னுடையதல்ல. அந்தத் தப்பைத் தெரிந்துகொண்டு கேட்டு வாங்கியவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்."

அவன் தலையசைத்தான்.

"அந்தப் பக்கத்திலருந்து பாத்தா எப்படி இருக்குதுங்க?"

வர்ணனைகள் அம்மாளுக்குப் பிடிக்காதவை. இருந்தும் யோசித்துப் பார்த்தார். "மலை முதலில் நீலமாக இருக்கும். சூரியன் கிட்ட வர வரக் கறுத்துவிடும். முகடு மட்டும் ஓரமாக எரியும். கீழே லயத்துக் கூரைகளில் புகை எழும்பும். இங்கே விடியும்போது மலைக்கு முன்னால் புகை கிடையாது, அங்கே உண்டு."

வீரசிங்கத்தின் சுட்டுவிரல் படியின் புழுதியில் ஒரு கோடு இழுத்தது. கோடு வளைந்து ஏறி முகடாயிற்று. அதன் கீழே கூரைகளுக்காக அவன் இடம் பார்க்கத் தொடங்கியபோது, வடிவம்மா தன் உள்ளங்கையை அந்த விரலின்மேல் வைத்து அழுத்தினாள்.

"இப்ப வந்து சாப்பிடுங்க" என்றாள். "நாளைக்கு ரெண்டு பேரும் போவோம். கண்ணால பாத்துட்டு எழுதுங்க."